ரெமேய் மடித்த கம்பி

ரெமேயைப் பற்றி எங்கள் தெராசா ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். மெஷினை நம்பிப் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று ஒரு கூட்டம். மறதி வந்த மனுஷனை வீட்டில் பூட்டி வைக்கத் துப்பில்லாதவள் என்று இன்னொரு கூட்டம். மீன் கடை வரிசையில் நிற்கும்போது இந்தப் பேச்சு காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வாயைக் கழுவிட்டுப் பேசுங்கடி" என்று ஒருமுறை கத்தியே விட்டேன். மீன்காரி அன்றைக்கு எனக்கு வாலும் தலையுமாகத்தான் போட்டுக் கொடுத்தாள். போகட்டும். என் பெயர் தெக்லா. ஆன்டெனா செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு ஈயம் பற்றவைக்கும் மேஜை, அவளுக்கு அளக்கும் அறை. நடந்ததைக் கூடவே நின்று பார்த்தவள் நான்.

ரெமேயின் அப்பா நெசவு ஆலையில் நூல் சுற்றினார். ஆலை மூடியதும் இவள் படிப்பை நிறுத்திவிட்டு எங்கள் பட்டறைக்கு வந்து என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். சாயங்கால வகுப்புக்குப் போய் எலக்ட்ரானிக்ஸ் படித்து, சில வருஷத்தில் அளக்கும் அறையின் சாவியை வாங்கிவிட்டாள். அந்த அறை முழுக்க, கூரை உட்பட, நீல நிறப் பஞ்சுக் கூம்புகள் ஒட்டியிருக்கும். ஆன்டெனா வீசும் ரேடியோ அலைகள் சுவரில் பட்டுத் திரும்பக் கூடாது, அதற்காக. குரலும் திரும்பாது. உள்ளே போனால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும், எனக்கு ஆகவே ஆகாது. அவள் தக்காளி தேய்த்த ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து தின்பாள்.

"பொணம் வைக்கிற ரூம் மாதிரி இருக்குடி. எப்படித்தான் சோறு எறங்குதோ?" என்பேன்.

"உன் சத்தம் கேக்காத ஒரே எடம் இதுதான்டி. அதான் எறங்குது" என்பாள்.

அப்போது எங்கள் முதலாளி ஒலகேர் ஒரு மாநாட்டுக்குப் போய், ஃப்ராக்டல் ஆன்டெனா என்ற பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். விஷயம் இதுதான். ஒரு கம்பியை மடி. அந்த மடிப்பின் ஒவ்வொரு துண்டையும் அதே மாதிரி மறுபடி சின்னதாக மடி. அதற்குள்ளும் மடி. நீளமான கம்பி கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். பார்க்க அவ்வளவு அழகு. வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ரெமேய் மட்டும் ஒவ்வொன்றையும் அறைக்குள் வைத்து அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவாள். முதல் மடிப்பில் இடம் நன்றாக மிச்சமாகும், இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் ஒன்றுமில்லை. கம்பி மெலிய மெலிய, அனுப்பும் சக்தி கம்பியிலேயே சூடாகிச் செத்துவிடும். சும்மா பாம்பு மாதிரி வளைத்த கம்பியும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்தது.

"அது எனக்கும் தெரியும். எத்தனை மடிச்சாலும் பெட்டி சின்னதுன்னா சின்னதுதான். ஆனா கார்ச் சாவிக்கு இது போதும், பத்தடி எட்டினா போதும். எது எதுக்குப் போதும்னு தெரிஞ்சவன் பொழைச்சுக்குவான்" என்பார் ஒலகேர். மனுஷன் பேராசைக்காரர்தான், முட்டாள் இல்லை.

ப்ளாய் அவள் புருஷன். லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அவரைவிடக் குறும்புக்காரரை நான் பார்த்ததில்லை. இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார், ரொவெயோ காளான் பறிக்க. எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைச் சொல்வோம், வியாதியைச் சொல்வோம், கள்ளக் காதலைக்கூடக் குடித்துவிட்டு உளறுவோம். காளான் கிடைக்கும் இடத்தை மட்டும் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டோம். ப்ளாய் இதில் எல்லாருக்கும் மேல். கூடையைப் பெரணி இலையால் மூடிக்கொண்டுதான் வருவார். பேருந்தில் தன் இடத்துக்கு முன்னாலேயே இறங்கி, எதிர்த்திசையில் கொஞ்சம் நடந்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் திரும்புவார்.

"எங்க பறிச்சீங்க ப்ளாய்?" என்று கேட்டால், "மரத்தடியில" என்பார்.

"எந்த மரத்தடியில?"

"தரையில நிக்கிற மரத்தடியில."

அறுபது தாண்டியதும் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு அடுப்பு, பிறகு தெருப் பெயர். லிஃப்டுக்குள் நின்று எதை அமுக்குவது என்று தெரியாமல் அழுதார், அவர் ஆயுசு முழுக்க லிஃப்டுக்குள் வாழ்ந்தவர். என்னை எப்போதோ செத்துப்போன அவர் அத்தை என்று நினைத்து மரியாதையாக எழுந்து நிற்பார். ஆனால் காளான் இடம் மட்டும் மறக்கவில்லை, அதை மறைக்கும் சாமர்த்தியமும் போகவில்லை. ஒருநாள் விளையாட்டாக, "அத்தைகிட்ட சொல்லுடா கண்ணு, ரொவெயோ எங்க கெடைக்கும்?" என்று கேட்டுப் பார்த்தேன். தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சந்தையில கெடைக்கும் அத்தை, காசு குடுத்தா" என்றார். ரெமேய் சிரித்துச் சிரித்து, கடைசியில் முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த வருஷம் வசந்தத்தில் இரண்டு தடவை காணாமல் போனார். இரண்டு தடவையும் யாரோ புண்ணியவான் காரில் கொண்டுவந்து விட்டான். மொபைலைக் கொடுத்தால் ரொட்டி டப்பாவில் போட்டு மூடிவிடுவார். எங்கள் மலைப் பள்ளங்களில் அது எடுக்கவும் செய்யாது. அதனால் ரெமேய் சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று செய்து, சாண் நீளத்துக்கு ஒரு கம்பி வைத்து, அவர் கோட்டில் தைத்தாள். நேர்க் கம்பி, நல்ல கம்பி. ப்ளாய் அதைக் கண்டுபிடித்துப் பிய்த்து எறிந்தார்.

"எனக்கு எதுக்குடி வாலு? நான் என்ன எலியா?"

மறுபடி தைத்தாள். மறுபடி பிய்த்தார். கோட்டின் உள்துணியோடு சேர்த்துப் பிய்த்தார். வாலே இல்லாத பெட்டி வேண்டும், தீப்பெட்டி அளவில், கைக்குத் தட்டுப்படாமல் துணிக்குள் கிடக்க வேண்டும். ஆகவே இத்தனை நாள் உதட்டைப் பிதுக்கியவளே ஃப்ராக்டலை மடிக்க உட்கார்ந்தாள். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் அறையில் விளக்கு எரியும். எத்தனையோ வடிவம் வரைந்தாள், பொறித்தாள், தூக்கிப் போட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு சாயங்காலம் அறையிலிருந்து ஓடி வந்தாள். "தெக்லா, வாடி! சீக்கிரம் வாடி!"

திரையில் சிக்னல் பலத்தைக் காட்டும் கோடு உயரத்தில் நின்றது. அந்த அளவுப் பெட்டிக்கு அது வரவே கூடாத உயரம். ஒலகேரும் வந்து பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"அளக்குற கேபிள் குறுக்க வராம இருக்க, அதுக்கு வளையம் போட்டியா?"

"போட்டேன். போடாம அளப்பேனா?"

"சின்னப் பெட்டின்னா கேபிள் ஏமாத்தும் ரெமேய். பாத்துக்க."

"நீங்க பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் கேபிள் மாட்டினவ" என்றாள். அது பொய், அவர் இவளைவிட மூத்தவர். ஆனால் சந்தோஷத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்? அவரும் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியில் கொண்டுபோயும் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன், அவள் சோம்பேறி இல்லை. பெட்டிக்குள் வைக்கும் குட்டி பேட்டரி வரத் தாமதமானதால், ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றை என் முதுகுப்பையில் போட்டு, அதிலிருந்து பெட்டிக்கு ஒயர் இழுத்தாள். நான் வறண்ட ஆற்றுப் படுகையில் விளக்குமாற்றுக் கட்டையில் பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு நின்றேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் சூனியக்காரி என்று கேலி செய்தான். ரெமேய் ரிசீவரோடு ஸ்கூட்டரில் போனாள், போய்க்கொண்டே இருந்தாள். எதிர்மேட்டிலிருந்து கையை ஆட்டினாள், கேட்கிறது என்று. ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

பேட்டரி வந்தது. பெட்டிக்குள் வைத்து, மூடி, ஒட்டி, கோட்டுக்குள் தைத்தாள். வீட்டில் ப்ளாய் கூடத்தில் நடக்க, சமையலறையில் ரிசீவர் கீக் கீக் என்றது. "இந்த வீட்டுல எங்கயோ சில்வண்டு கத்துது, பாரு" என்றார் ப்ளாய். நாங்கள் மூவரும் ஒயின் குடித்தோம்.

எல்லாரும் கல்லறைக்குப் போகும் அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்தின நாள். நல்ல மழை பெய்து விட்டிருந்தது, காட்டுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. பட்டறையில் செஸ்நட் கொட்டை சுட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள், கதவு திறந்து கிடக்கிறது, ப்ளாயைக் காணோம். ரெமேய் வீட்டுக்குப் போய்க் கோட்டு மாட்டும் கொக்கியைப் பார்த்தாள். கூடை இல்லை, கோட்டும் இல்லை.

"கோட்டைப் போட்டுட்டுத்தான் போயிருக்கார். அப்ப பயமில்ல" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தில் நிம்மதி இருந்தது.

முரா கிராமத்துப் பேருந்து ஓட்டுநர், ஊருக்கு முந்தின வளைவு ஒன்றில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். ப்ளாய் இறங்கின இடம்தானே, அது அவர் இடமாக இருக்க முடியாது. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாரோ, கடவுளுக்கே வெளிச்சம். சுற்றிலும் பாறை, ஓக் காடு, ஒன்றுக்குள் ஒன்றாகப் பள்ளங்கள். தீயணைப்புப் படையிலிருந்து பெரெங்கேர் என்பவர் நாலைந்து ஆட்களோடு வந்தார். விடுமுறை நேரம், அவ்வளவு பேர்தான் கிடைத்தார்கள்.

"இந்தப் பெட்டி எவ்வளவு தூரம் கேக்கும்மா?" என்று கேட்டார்.

"ஒரு கிலோமீட்டர். மரம், மேடு இருந்தா பாதி. நானே அளந்திருக்கேன்."

பெரெங்கேர் முகம் மலர்ந்துவிட்டது. காட்டை அடியடியாக அலச வேண்டாம், ஒவ்வொரு பள்ளத்தின் வாயிலும் வண்டியை நிறுத்திக் கேட்டால் போதும். சத்தம் வந்தால் இறங்குவது, வராவிட்டால் வரைபடத்தில் அந்தப் பள்ளத்தை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. கேட்கக் கேட்க எனக்கும் தெம்பாக இருந்தது.

முதல் பள்ளம் சாலைக்கு அடியில் ஓடை போகும் இடத்தில் இருந்தது. ரெமேய் எல்லாரையும் கைகாட்டி அடக்கினாள். "மூச்சு விடாதீங்க." ரிசீவரைத் தலைக்கு மேலே தூக்கி மெதுவாகத் திரும்பினாள். இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் கேட்டது.

தீயணைப்புக்காரர்களில் ஒரு சின்னப் பையன், "ஒரு எட்டு எறங்கிப் பாத்துட்டு வரட்டுமா?" என்றான்.

"வேணாம். இங்க இல்ல. இருந்தா கத்தும்" என்றாள் ரெமேய். பெரெங்கேர் சிவப்புப் பேனாவால் பள்ளத்தை அடித்தார்.

இருட்டும் வரை அப்படியே போனோம். கிட்டத்தட்ட வளைவைச் சுற்றியுள்ள எல்லாப் பள்ளமும் சிவப்பாகிவிட்டது. அடித்த இடத்தை விட்டு விட்டு, மேலும் மேலும் தள்ளிப் போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் காலையும் அதேதான், மேலே தாலமங்கா கிராமத்துப் பக்கம் வரைக்கும். கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ரெமேய் ஒவ்வொரு பள்ளத்திலும் ரிசீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதியம், "ரிசீவர்ல கோளாறா இருக்கும். பட்டறையில இன்னொண்ணு இருக்கு" என்றாள். நான் காரை எடுத்தேன்.

அளக்கும் அறையில், ப்ளாயின் பெட்டிக்கு ஜோடியாகச் செய்த இன்னொரு பெட்டி, கேபிள் மாட்டியபடியே தாங்கியில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வெளியே போய்ப் பழைய ரிசீவரையும் புதிய ரிசீவரையும் வைத்துப் பார்த்தாள். அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. இரண்டும் கீக் கீக் என்று கத்தின. கோளாறு எதிலுமே இல்லை. "இந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போவோம், அங்க வச்சுப் பாக்கலாம்" என்று சொல்லிக் கேபிளைத் திருகிக் கழற்றி, குட்டி பேட்டரியைப் போட்டுக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். ரிசீவர் என் கையில் இருந்தது. நான் விளக்கை அணைக்க வாசலிலேயே நின்றேன்.

அவள் பட்டறை வெளிக்கதவைத் தாண்டியிருக்க மாட்டாள். ரிசீவர் நின்றுவிட்டது.

"ரெமேய்!" என்று கூப்பிட்டேன். திரும்பி வந்தாள், சத்தம் வந்தது. போனாள், நின்றது. மறுபடி வந்தாள். மூன்றாவது தடவை அவள் போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கேபிள்டி" என்றாள். "கேபிள்தான்டி கத்தியிருக்கு."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு சின்ன ஆன்டெனா தனியாக நின்று கத்தாது. அதற்கு எதிர்ப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள உலோகம் வேண்டும். தீப்பெட்டிக்குள் அதற்கு இடம் ஏது? அளப்பதற்கென்று நாம் மாட்டும் கேபிளையே அது பிடித்துக்கொள்ளும், அந்தக் கேபிள் முழு நீளத்துக்கும் ஆன்டெனாவாகிவிடும். வளையம் போட்டாலும் முழுக்கத் தடுக்காது. ஆற்றுப் படுகையில் நான் தூக்கிப் பிடித்தபோது கத்தியது பேட்டரி ஒயர். ஒயரும் கேபிளும் இல்லாத பெட்டி கிசுகிசுக்கத்தான் செய்யும். அதன் மேல் நனைந்த துணி வேறு, மனுஷ உடம்பு வேறு. எங்கள் தொழிலில் இந்தப் பள்ளத்தில் விழாதவர் கிடையாது. மற்றவர்கள் விழுந்தால் ஒரு வாடிக்கையாளர் திட்டுவார், அவ்வளவுதான்.

"ரிசீவர்ல சத்தம் கேக்காததுனால அவர் இல்லன்னு சொன்னேன்" என்றாள். "அத்தனை பள்ளத்தையும் இல்லன்னு சொன்னேன் தெக்லா. ஒரு ஆளையும் எறங்க விடலையே."

காரை மலைக்கே திருப்பினேன். பெரெங்கேரிடம் போய் நேராக நின்று சொன்னாள்: "சிவப்புல அடிச்சது எல்லாம் தப்பு. ஒண்ணுலயும் நாம தேடல. எல்லாத்துலயும் எறங்கணும்." அவர் வரைபடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "மொதல்ல அடிச்சதுலேருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

ஓடையோரமாக இறங்கினோம். ரெமேய் முன்னால் போனாள், முள் கிழித்ததைக்கூடப் பார்க்கவில்லை. சாலை இன்னும் தலைக்கு மேலே தெரிந்தது, வண்டி போகும் சத்தம் கேட்டது. ஒரு பாறையைச் சுற்றி வளைந்ததும் ரிசீவர் கத்தியது.

கீக். கீக். கீக்.

"கேக்குது! ப்ளாய்! கேக்குதுய்யா, வந்துட்டேன்!" என்று அவள் ஓடினாள். நானும் ஓடினேன், நானும் அழுதுகொண்டே சிரித்தேன். பெட்டி கத்தினால் மனுஷன் இருக்கிறான் என்றே அந்த நேரத்தில் எங்களுக்குப் பட்டது.

ஓக் மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கி, காலணி கழற்றி வைத்திருந்தது. கூடை பக்கத்தில், பெரணி இலை போட்டு மூடி. ரெமேய் அவர் கையைப் பிடித்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பெரெங்கேர் குனிந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். ரிசீவர் கத்திக்கொண்டே இருந்தது, நான்தான் அதைப் பிடுங்கி அணைத்தேன்.

டாக்டர் வந்தார், இளவயசுக்காரர், பண்டிகை நாளில் கூப்பிட்டுவிட்டார்கள் என்ற எரிச்சல் முகத்தில் இருந்தது. குளிர்தான் காரணம் என்றார். இன்று விடிந்த பிறகுதான் உயிர் போயிருக்கிறது என்றார்.

ரெமேய் தலையைத் தூக்கினாள். "அப்ப நேத்து சாயங்காலம்? நாங்க மேல ரோட்டுல நின்னமே, அப்ப?"

"உயிரோட இருந்திருப்பார்மா. நினைவோடதான் இருந்திருப்பார். நீங்க சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்."

நாங்கள் கூப்பிடவில்லை. அவள்தான் எங்களை மூச்சு விடாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். சாலையில் அத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, கீழே அவர் வீங்கிய காலோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். ரெமேய் அந்த டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் வேறு ஏதாவது சொல்லுவார் என்பது போல. அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். படித்த மனுஷன், ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? நேற்றே போய்விட்டார், நீங்கள் எப்போது வந்திருந்தாலும் வீண்தான் என்று ஒரே ஒரு பொய். சொல்லியிருந்தால், அன்றோடு பேச்சையே நிறுத்திவிட்டவள் இன்றைக்கு என்னோடு ஒரு வார்த்தையாவது பேசிக்கொண்டிருப்பாள்.